தேதி தாண்டிய டின்: காரைக்கால் கரையில் ஒரு பழைய கேள்வி

மூடி திறக்காத டின் உணவு ஒன்று, அடியில் அச்சிட்ட தேதி கடந்த பிறகும் உண்ணத் தக்கதா? இருநூறு ஆண்டுகளாகப் பலர் இதற்குப் பதில் சொல்லி வருகிறார்கள். மிட்டாய் செய்தவர், கடற்படை அதிகாரி, நுண்ணுயிர் ஆய்வாளர், சட்டம் வரைந்தவர், மளிகைக் கடைக்காரர், வீட்டுப் பெரியவர் என்று அவர்கள் பல வகை. ‘டின் கெடவே கெடாது’ என்பது ஒரு முனை. ‘டேட் போனால் குப்பை’ என்பது மறுமுனை. நடுவில் நிற்பவர்களே அதிகம் என்றாலும், அவர்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

இந்தப் பதில்களை எடைபோடக் காரைக்கால் நல்ல இடம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1 வரை அவர்களிடம் இருந்த இந்தச் சிறு நிலத்துண்டு, இன்று நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு பங்காக இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களும் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. பினாங்கு, சிங்கப்பூர் தொடர்பு கப்பல் காலத்தது. வளைகுடாத் தொடர்பு அதற்குப் பிந்தியது. ஆகவே ஒரே வீட்டு அலமாரியில் மூன்று திசை டின்கள் நிற்கலாம்: உள்ளூர் மளிகையில் வாங்கிய மில்க்மெய்டும் அன்னாசித் துண்டும், பாரிசிலிருந்து பெட்டியில் வந்த சார்டின், சிங்கப்பூர் உறவினர் கொடுத்த தக்காளிச் சாற்று மீன். ஒவ்வொன்றின் தேதியும் ஒவ்வொரு நாட்டுச் சட்டப்படி அச்சானது. அவை நிற்கும் அலமாரி மட்டும் ஒன்று. அதுவும் உப்புக்காற்றுக்கு எட்டிய தூரத்தில். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் இந்த அலமாரியைக் கணக்கில் எடுத்ததில்லை என்பதே இக்கட்டுரை காணும் முக்கியமான குறை.

கெடாத டின்: கப்பல்கள் தந்த சான்று

முதல் பதில் பிரான்சிலிருந்து வந்தது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்த் தயாரிப்பாளர் உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, தக்கை இறுக்கி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். செய்முறையை நூலாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் 1810இல் அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் தகரப் பாத்திரத்தையும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். 1813 வாக்கில் லண்டன் பெர்மண்ட்சியில் டோன்கின் கூட்டாளிகளின் டின் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. உணவு ஏன் கெடவில்லை என்பது இவர்களில் எவருக்கும் தெரியாது. காற்றை வெளியேற்றியதால் என்று எண்ணினார்கள். நுண்ணுயிர்களின் பங்கை லூயி பாஸ்டர் விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

விளக்கம் வருவதற்கு முன்பே சான்று வந்துவிட்டது. 1825இல் வில்லியம் பாரியின் வடதுருவப் பயணத்தில் ஃபியூரி என்ற கப்பல் பனியில் சிக்கிக் கைவிடப்பட்டது. அதன் உணவுச் சரக்கைக் கரையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். பின்னர் அதே பக்கம் வந்து மாட்டிக்கொண்ட ஜான் ராஸ் குழுவினர் 1829இல் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1832-33 குளிர்காலத்தையும் பெருமளவு அதை நம்பியே கடந்தார்கள். பாரியின் பயணத்தில் போய், திறக்கப்படாமலே இங்கிலாந்து திரும்பிய கன்றிறைச்சி டின் ஒன்று நூறாண்டுக்கு மேல் அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1938இல் அதைத் திறந்து ஆராய்ந்து எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இன்னொரு சான்று அமெரிக்காவின் பெர்ட்ராண்ட் நீராவிக் கப்பல். 1865இல் மிசௌரி ஆற்றில் மூழ்கிய அதை 1968இல் சேற்றிலிருந்து தோண்டினார்கள். பிராந்தியில் ஊறிய பீச் பழம், சிப்பி இறைச்சி, தக்காளி முதலிய உணவுகளை 1974இல் வேதியியலர்கள் சோதித்தபோது நுண்ணுயிர் வளர்ச்சி தென்படவில்லை. மணமும் நிறமும் போயிருந்தன. வைட்டமின் சி பெருமளவு அழிந்திருந்தது. புரதம் ஏறத்தாழ அப்படியே இருந்தது.

‘டின்னுக்கு வயதே இல்லை’ என்ற கட்சி நிற்பது இந்தச் சான்றுகளின் மேல்தான். அவை உண்மையானவை, பொய் என்று எவரும் தள்ளவில்லை. ஆனால் ஓட்டை மூன்று உண்டு. முதலாவது, எல்லாமே குளிரில் கிடந்தவை: துருவப் பனி, இங்கிலாந்து அருங்காட்சியகம், காற்றுப் புகாத ஆற்றுச் சேறு. இரண்டாவது, வெடித்து நாறிய டின்னை யாரும் அருங்காட்சியகத்தில் வைப்பதில்லை. தப்பியது மட்டுமே நம் கைக்கு வருகிறது. எத்தனையில் ஒன்று தப்பியது என்ற கணக்கு வருவதில்லை.

மூன்றாவது ஓட்டை டின்னையே பற்றியது. பழைய டின் கனத்த இரும்புத் தகடு, உருக்கிய வெள்ளீயத்தில் முக்கி எடுத்தது, கையால் பற்றவைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் பேராக் சுரங்கங்களின் வெள்ளீயம் மேற்கு நாடுகளுக்கு நின்றுபோனது. இருக்கிற வெள்ளீயத்தைச் சிக்கனமாகப் பூசுவதற்கு மின்முலாம் முறை பரவியது. போர் முடிந்த பின்னும் அதுவே நிலைத்தது. இன்றைய டின்னின் ஈயப் பூச்சு பாரி காலத்து டின்னில் இருந்ததைவிடப் பல மடங்கு மெலிது. பாரியின் டின் தாங்கியது என்பதால் பரண்மேல் உள்ள டின்னும் தாங்கும் என்று வாதிடுவது, பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்று கொள்வதாகும்.

ஆபத்து பிறக்கும் இடம்

இரண்டாவது பதில் நுண்ணுயிரியலாருடையது. அது தேதியைக் கேட்பதில்லை. ஆலையில் என்ன நடந்தது என்று கேட்கிறது.

1852இல் போர்ட்ஸ்மத் அருகே பிரிட்டிஷ் கடற்படைக் கிடங்கில் ஸ்டீபன் கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரரின் இறைச்சி டின்களைத் திறந்தபோது பெரும்பாலானவை அழுகிக் கிடந்தன. அவை பழங்கால டின்கள் அல்ல. பெரிய டின்களின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரவில்லை என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். 1890களின் பின்பாதியில் பாஸ்டனில் சாமுவேல் பிரெஸ்காட்டும் வில்லியம் லைமன் அண்டர்வுட்டும் அதற்கு அறிவியல் காரணம் கண்டார்கள்: சில பாக்டீரியாக்களின் நுண்வித்துகள் கொதிநீரில் சாவதில்லை, அழுத்தத்தில் ஏற்றிய நீராவி வேண்டும். 1919-20இல் கலிபோர்னிய ஆலிவ் காயால் அமெரிக்காவில் பலர் இறந்த பிறகு, எஸ்டி, மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1922இல், கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நஞ்சு தரும் பாக்டீரியாவின் நுண்வித்தைக் கொல்லும் வெப்பத்தை அளந்து சொன்னார்கள். 121 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ மூன்று நிமிடம், அதுவும் டின்னின் நட்டநடுவில்: டின் தொழில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளும் அளவு இதன் வழி வந்ததே.

புளிப்பு இங்கே பெரிய பிரிகோடு. பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் பொட்டுலினம் வளராது. அன்னாசி, கிருஷ்ணகிரியில் 3.1 கிலோ டின்களில் அடைபடும் மாம்பழக் கூழ் இந்தப் பக்கம். மீன், காளான், பட்டாணி, தேங்காய்ப்பால் அந்தப் பக்கம். ஒரே தேதி அச்சிட்ட இரண்டு டின்களின் ஆபத்து ஒன்றல்ல என்பதற்கு முதல் காரணம் இது.

பெயர் பெற்ற விபத்துகளைப் பார்த்தால் இந்தக் கட்சியின் வலு தெரியும். 1971இல் அமெரிக்காவின் பான் விவான்ட் சூப், 2007இல் காஸில்பெரி நிறுவனத்தின் சில்லி சாஸ்: இரண்டும் போதாத வேக்காடு. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருவரைக் கொன்ற சால்மன் டின்: தகட்டில் சிறு துளை. 1964இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 400க்கும் மேற்பட்டோருக்கு டைபாய்டு தந்த மாட்டிறைச்சி டின்: அர்ஜென்டினாவில் வெந்த சூட்டோடு சுத்திகரிக்காத ஆற்றுநீரில் ஆறவைத்தபோது மடிப்பின் வழியே நீர் உள்ளே போயிருக்கிறது என்று முடிவு செய்யப்பட்டது. இவற்றில் ஒன்றுகூடத் தேதி தாண்டியதால் நேர்ந்ததல்ல. ஒன்று, ஆலையில் சூடு போதவில்லை. அல்லது, அடைத்த பிறகு அடைப்பு விட்டுவிட்டது. மூன்றாவது வழி அரிது.

இதிலிருந்து ‘அப்படியானால் தேதிக்கு அர்த்தமே இல்லை’ என்ற முடிவுக்குச் சிலர் தாவுகிறார்கள். அந்தத் தாவல் அவசரமானது. ஆபத்தின் முதல் வாசல், அதாவது சூடு போதாமை, ஆலையோடு மூடிவிடுகிறது, உண்மைதான். இரண்டாம் வாசல், அதாவது அடைப்பு விடுவது, டின் நிற்கும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கக்கூடியது. எவ்வளவு வேகமாக என்பது டின் எந்த ஊரில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டு சட்டம், ஒரு அலமாரி

மூன்றாவது பதில் சட்டத்தினுடையது. இங்கேதான் காரைக்கால் அலமாரி குழம்புகிறது.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, காலாவதித் தேதிக்குப் பின் விற்ற உணவுக்கு விற்பனையாளரைப் பொறுப்பாக்குகிறது. 2020ஆம் ஆண்டின் முகப்புச் சீட்டு விதிகள் தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் கட்டாயமாக்கி, ‘இதற்குள் உண்டால் சிறப்பு’ என்ற வாசகத்தை உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விட்டன. இறக்குமதிக்குத் தனி வரம்பு: சுங்கத்தில் நிற்கும்போது ஆயுளில் 60 விழுக்காடோ மூன்று மாதமோ, எது குறைவோ அது மீதமிருக்க வேண்டும். 2024 நவம்பரில், இணையவழி விற்பவர்கள் வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது 30 விழுக்காடு ஆயுளோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்றது உணவுப் பாதுகாப்பு ஆணையம். இதன் போக்கு தெளிவு: தேதி என்பது கோடு, கடைக்காரர் அதைத் தாண்டக்கூடாது.

பிரான்சில் கோடு இரண்டு. இறைச்சி, பச்சைப் பால் பொருள் போன்றவற்றுக்கு ‘இதற்குள் உண்டாக வேண்டும்’ என்ற கண்டிப்பான தேதி. டின்னுக்கு அது கிடையாது; ‘இதற்கு முன் உண்பது விரும்பத்தக்கது’ என்ற மென்மையான தேதிதான். 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி, 18 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளில் நாளும் மாதமும்கூட வேண்டாம், ஆண்டு மட்டும் போட்டால் போதும். அந்த ஆண்டு போன பிறகும் நல்ல நிலையில் உள்ள டின்னை விற்பது அங்கே குற்றமல்ல. உணவை வீணாக்குவதைக் குறைக்க 2020இல் வந்த பிரெஞ்சுச் சட்டம், தேதிக்குப் பிறகும் உண்ணலாம் என்பதை விளக்கும் வாசகத்துக்கும் இடம் கொடுத்தது. அமெரிக்கா இன்னும் தள்ளிப் போகிறது: குழந்தைப் பால்மாவைத் தவிர வேறெதற்கும் கூட்டாட்சிச் சட்டம் தேதியைக் கட்டாயமாக்கவில்லை. புளிப்பு டின்னுக்கு 12 முதல் 18 மாதம், புளிப்பில்லாததற்கு 2 முதல் 5 ஆண்டு என்பது அங்கே வேளாண் துறை தரும் தரக் கணக்கு மட்டுமே.

ஆகவே பாரிசிலிருந்து பெட்டியில் வந்த சார்டின் டின்னின் அடியில் உள்ள எண்ணை, உள்ளூர் மளிகை டின்னின் எண்ணைப் போலவே படித்தால் இருவிதத்தில் தவறலாம். பிரெஞ்சு மென்தேதியைக் காலாவதியாக நினைத்து நல்ல டின்னை எறியலாம். அல்லது, பிரான்சில் தேதி தாண்டியும் தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதே தாராளத்தை உள்ளூர்க் குழந்தைப் பால்மா டின்னுக்கும் நீட்டலாம். இரண்டாவது தவறுதான் மோசமானது. பால்மா நீராவியில் நுண்ணுயிரைக் கொன்று அடைத்ததல்ல; கொழுப்பு சிக்குப் பிடிக்கும்; வைட்டமின் அளவு சீட்டில் சொன்னதற்குக் கீழே இறங்கும். வேறெல்லாவற்றிலும் சண்டையிடுபவர்கள் குழந்தை உணவில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறார்கள்: தேதிக்குப் பிறகு கூடாது.

சட்டக் கட்சியின் பலவீனம், அது விற்பனைக்காக எழுதப்பட்டது என்பதே. வீட்டுக்குள் வந்த டின் பற்றி அது பேசுவதில்லை. தேதியைக் கணிப்பவர் உற்பத்தியாளர்; அவர் அஞ்சுவது பெரும்பாலும் நிறம் மங்கி, துண்டு குழைந்து, வாடிக்கையாளர் முகம் சுளிப்பதை. பாதுகாப்புக் கோடுபோல் வாசிக்கப்படும் எண் ஒன்று தரக் கணிப்பாகப் பிறந்தது என்பதைச் சட்டம் மறைக்கவில்லை. விளக்கிச் சொல்லவும் இல்லை.

வயதான சாளை

இந்தக் குழப்பத்தில் ஒரு சுவையான கிளை உண்டு. நாந்த் நகரில் 1820களில் ஜோசப் கொலேன் சாளையை எண்ணெயில் அடைக்கத் தொடங்கியதிலிருந்து, பிரெத்தாஞ் கரையின் அடையாளமே சார்டின் டின் ஆகிவிட்டது. அங்கே பிடித்த ஆண்டைப் பொறித்த டின்களை வாங்கிப் பல ஆண்டு வைத்துத் தின்னும் ரசிகர் கூட்டம் இருக்கிறது. அவ்வப்போது டின்னைப் புரட்டி வைக்கிறார்கள், எண்ணெய் எல்லாப் பக்கமும் ஊற. முள் கரைந்து, சதை வெண்ணெயாகிறது என்பது அவர்கள் சொல்லும் நயம். அவர்களுக்குத் தேதி தாண்டுவதுதான் தொடக்கம்.

தென்னிந்தியாவும் இந்தத் தொழிலை எட்டிப் பார்த்திருக்கிறது. பிரெடரிக் நிக்கல்சன் காலத்துச் சென்னை மாகாண மீன்வளத் துறை, மலபாரில் பேப்பூரை ஒட்டிச் சாளையை டின்னில் அடைத்துப் பார்த்தது. கிழக்கே, ஆல்ஃபிரெட் க்ளூயே என்ற பிரெஞ்சுக்காரர் 1892இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனியின் சேவல் சின்னச் சார்டின் மலாயாத் தமிழர் வீடுகளில் பழகிய பொருளானது. ஆனால் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி கரைகளில் இறங்கும் சாளை சந்தைக்கும் கருவாட்டுக்கும் போகிறது. டின் இங்கே எப்போதும் வெளியிலிருந்து வருவதுதான்.

பிரெத்தாஞ் ரசிகர்களின் அனுபவம் காரைக்காலுக்குப் பொருந்துமா என்றால், ஐயம் தெரிவிக்கவே வேண்டியிருக்கிறது. அவர்கள் டின் நிற்பது குளிர்ந்த நிலவறையில்.

மூக்கும் கொதியும்

நான்காவது பதிலை எந்த நூலும் எழுதவில்லை. எல்லா வீட்டிலும் இருக்கிறது. திறந்து பார், முகர்ந்து பார், நன்றாகக் கொதிக்கவிடு. கருவாட்டைத் தொட்டு, வளைத்து, மோந்து வாங்கும் கரையில் இந்த நம்பிக்கை இயல்பானது. கருவாட்டுக் கூடையில் எந்தக் காலத்திலும் தேதி இருந்ததில்லை.

டின் விஷயத்தில் இந்த அறிவு பாதி வழிக்குத்தான் துணை வரும். உப்பிய டப்பாவையும் திறந்தவுடன் பீய்ச்சுவதையும் எறிய வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. உப்பல் எப்போதும் நுண்ணுயிரால் வருவதில்லை. புளிப்பு இரும்பை அரித்து ஹைட்ரஜன் உண்டாகியும் உப்பும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது என்பதால் தீர்ப்பு ஒன்றே. ஆனால் உப்பாததெல்லாம் நல்லது என்று ஆகாது. பொட்டுலினத்தின் சில வகைகள் நாற்றம் காட்டாமலே நஞ்சு உண்டாக்கும். சூரை, கானாங்கெளுத்தி, சாளையில் சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் மூக்குக்குத் தெரியாது.

கொதிப்பதும் முழுக் காவல் அல்ல. பொட்டுலினம் நஞ்சு நீடித்த கொதியில் சிதையும், ஹிஸ்டமின் சிதையாது, ஸ்டாஃபிலோகாக்கஸ் நஞ்சும் எளிதில் சிதையாது. 1989இல் அமெரிக்காவில் பலரை வாந்தியில் வீழ்த்திய சீனக் காளான் டின்களில் இருந்தது இந்தக் கடைசி வகை. ஆலையின் நீராவியையே தாங்கி வந்த நஞ்சு அது. புளிக்குழம்புக் கொதி அதை என்ன செய்யும்? மறுபுறம், மூக்கை மட்டும் நம்பினால் நல்லதும் வீணாகும். மீன் டின்னில் கண்ணாடித் துண்டுபோல் பளபளக்கும் படிகம் பெரும்பாலும் ஸ்ட்ரூவைட் என்னும் தீங்கற்ற உப்பு. நண்டு, இறால் டின்னின் உள்சுவரில் படியும் கறுப்பு, கந்தகமும் உலோகமும் சேர்ந்த கறை.

உப்புக்காற்றும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும்

இதுவரை பார்த்த எல்லாப் பதில்களும் ஓர் இடத்தில் வந்து முட்டுகின்றன: டின் எங்கே நின்றது? சீட்டில் ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்றிருக்கும். காரைக்காலில் மே மாதத்தில் குளிர்ந்த இடம் இல்லை; நவம்பரில் உலர்ந்த இடம் இல்லை.

வெப்பத்தை முதலில் எடுப்போம். பத்து டிகிரி ஏறினால் வேதிமாற்றங்கள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொது விதி. அமெரிக்க ராணுவம் தன் பை உணவுக்கு வைத்திருக்கும் கணக்கு இதைவிடக் கடுமையானது: 27 டிகிரியில் வைத்தால் மூன்று ஆண்டு, 38 டிகிரியில் வைத்தால் ஆறு மாதம். அது டின் அல்ல, பை. தரக் கணக்கு, நஞ்சுக் கணக்கு அல்ல. 38 என்பது இரவு பகல் ஓயாத 38. இத்தனை விலக்குகளுக்குப் பின்னும் அந்த விகிதம் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அமெரிக்க வேளாண் துறை டின்னை ஏறத்தாழ 29 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. 38ஐத் தாண்டினால் கெடும் வாய்ப்பு கூர்மையாக ஏறும் என்கிறது. காரைக்காலில் மே நண்பகல் 38ஐத் தொடுவது புதிதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், கடையின் மேல்தட்டில், வெப்பம் அதற்கும் மேலே.

அந்த மேல்தட்டில் இன்னொரு கதையும் நடக்கலாம். ஆலையின் நீராவி எல்லா நுண்வித்துகளையும் கொல்வதில்லை. சாதாரண வெப்பத்தில் முளைக்காதவற்றை விட்டுவைக்கிறது. தொழில் இதை ‘வணிகத் தூய்மை’ என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் போன்ற வெப்ப விரும்பிகள் அப்படி உறங்குபவை. 43-45 டிகிரிக்கு மேல் நீடித்தால் எழும். நஞ்சு செய்யாது, வாயுவும் செய்யாது, உணவைப் புளிக்கவைக்கும். டப்பா உப்பாமலே உள்ளே கெட்டிருக்கும். ஐரோப்பியச் சமையலறைக்கு இது ஏட்டுப் பிரச்சினை. ஆலைகள் டின்னை 37 டிகிரியிலும் 55 டிகிரியிலும் சில நாள் வைத்துச் சோதிக்கின்றன. அந்த முதல் எண் நமக்குச் சோதனைக்கூடம் அல்ல, சித்திரை வைகாசி.

நிறமும் சுவையும் இதே வெப்பத்தில் ஓடுகின்றன. மில்க்மெய்டு போன்ற கெட்டிப் பாலைக் காப்பது சர்க்கரை. ஒரு கோடையைக் கடந்த டின்னைத் திறந்தால் தந்த நிறம் பழுப்பாகி, கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகி, காய்ச்சிய சர்க்கரை வாசம் அடிக்கும். அதை ஆபத்து என்று சொல்ல முடியாது. அன்னாசி டின் வேறு கதை. பல அன்னாசி டின்களில் உட்பூச்சு கிடையாது. வெறும் வெள்ளீயத்தையே விட்டுவைக்கிறார்கள். ஈயம் முன்னால் கரைந்து பழத்தின் நிறத்தையும் இரும்பையும் காப்பாற்றுகிறது. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் புளி கொதித்த வீடுகளுக்கு இது புரியாத சங்கதி அல்ல. பழைய அன்னாசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்சுவர் சாம்பல் நிறத்தில், இறகு விரித்தாற்போன்ற படிகக் கோடுகளோடு தெரியும்: ஈயம் கரைந்த தடம். கரைந்தது உணவில்தான் இருக்கிறது. திட டின் உணவுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த உச்சம் கிலோவுக்கு 250 மில்லிகிராம். மிஞ்சினால் குமட்டலும் வாந்தியும் வரலாம். வெப்பமும் பழத்தில் உள்ள நைட்ரேட்டும் கரைதலை முடுக்குகின்றன. டின்னைத் திறந்து காற்றுப் படவிட்டால் இன்னும் வேகம். மீதியைத் திறந்த டின்னோடு குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கம், தேதியைவிடக் கவலைப்பட வேண்டிய ஒன்று.

அடுத்தது உப்பு. கடற்காற்றின் குளோரைடு தகரத்தின் மேல் படிகிறது. ஐப்பசி கார்த்திகையின் ஈரக்காற்று, விடிகாலையில் குளிர்ந்திருக்கும் டின்னின் மேல் நீர்த்துளியாக வேர்க்கிறது. துரு சமமாகப் பரவுவதில்லை. ஈயப் பூச்சு கீறியிருக்கும் இடத்தில் ஊசிக்குழியாக இறங்குகிறது. மேல்கீழ் மூடிகளின் இரட்டை மடிப்பும், வளையத்தை இழுத்துத் திறக்கும் மூடியில் தகட்டை மெலிதாக்கிய அந்த வட்டக் கோடும் மிகவும் ஒல்லியான இடங்கள். துணியால் துடைத்தால் போகும் துரு பொருட்டல்ல. நகத்தில் இடறும் குழி, மடிப்பில் விழுந்த நெளிவு, விரல் பதியும் ஆழத்துப் பள்ளம் ஆகியவை இருந்தால் தேதி மிச்சமிருந்தாலும் எறிய வேண்டும் என்பதில் அதிகாரப்பூர்வ அறிவுரைகள் மாறுபடுவதில்லை.

வெள்ளம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2018 நவம்பரின் கஜா புயலும் அடித்த கரை இது. நீரில் முழுகிய டின்னில் அடைப்பு முழுதாக இருந்தால், காகிதத்தைக் கிழித்து, சோப்பு நீரில் கழுவி, குளோரின் கரைசலில் முக்கி எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது பேரிடர்க் காலப் பொது அறிவுரை. உள்ளே இருப்பது என்ன என்று சொன்ன காகிதம் போய்விடும்; மூடியில் அச்சான தேதி மட்டும் எஞ்சும்.

முன்சொன்ன இரண்டாம் வாசல் இந்தக் கரையில் வேகமாகத் திறக்கிறது என்று கருத இவ்வளவு காரணம் இருக்கிறது. ஆகவே ‘அடைப்பு சரியாக இருந்தால் தேதி பொருட்டல்ல’ என்ற மேற்கத்திய வாக்கியத்தை இங்கே கொண்டுவரும்போது, அதன் முதல் பாதியின் எடை கூடுகிறது.

இன்னும் தீராதவை

கடைக்காரருக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது: தேதி தாண்டினால் விற்கக்கூடாது. குழந்தை உணவிலும் தீர்ந்துவிட்டது. வீட்டில் நிற்கும் மற்ற டின்களுக்குச் சான்றுகள் ஒரு வரிசையைத்தான் தருகின்றன. பளிங்குபோல் இருக்கும், சில மாதம் மட்டும் தாண்டிய, உள் அறையில் நின்ற மீன் டின்னைப் பற்றி அஞ்சக் காரணம் குறைவு. அதே வயது அன்னாசியில் நஞ்சுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. தரமும் கரைந்த வெள்ளீயமும்தான் கேள்வி. மடிப்பில் துரு குழிந்த காளான் டின்னுக்கு எந்தக் கட்சியும் அனுமதி தராது.

அதற்கு அப்பால் மூன்று செய்திகள் திறந்தே நிற்கின்றன. முதலாவது வெப்ப மண்டலம். மருந்துகளின் ஆயுளைக் கணிக்க உலகை வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த வட்டாரத்துக்கு 30 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதத்தில் சோதனை. டின் உணவின் தேதிக்கு முகப்புச் சீட்டு விதிகளில் அப்படியொரு பிரிவினை கிடையாது. ஊட்டியிலும் காரைக்காலிலும் ஒரே டின், ஒரே தேதி. இதை மாற்றுவது செலவு பிடிக்கும் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. டின்னின் விலையில்தான் அது போய்ச் சேரும்.

இரண்டாவது உட்பூச்சு. பிஸ்பினால் ஏ சேர்ந்த பூச்சுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதியில் தடைசெய்து மாற்றத்துக்குக் கால அவகாசம் கொடுத்திருக்கிறது. அவற்றின் இடத்துக்கு வரும் புதுப் பூச்சுகளுக்குப் பத்தாண்டு அலமாரி வரலாறு இருக்க வழியில்லை. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சோதித்துவந்த, ஈயமே இல்லாத பாலிமர் பூச்சு எஃகு டின்களும் பரவினால், பாரியின் டின்னும் பெர்ட்ராண்ட் டின்னும் சான்றாக இன்னும் ஒருபடி தேய்ந்துபோகும்.

மூன்றாவது உள்ளூர் அளவீடு. சாளை, காளான், அன்னாசி, தேங்காய்ப்பால் டின்களைக் கடலோரக் கடை ஒன்றிலும் உள்ளே திருநள்ளாறு பக்கம் ஒரு வீட்டிலும் அடுக்கி, ஐந்து ஆண்டு பருவத்துக்குப் பருவம் சிலவற்றைத் திறந்து, ஈய அளவையும் மடிப்பின் உறுதியையும் வெப்ப விரும்பிகளையும் பார்ப்பது பெரிய ஆராய்ச்சி அல்ல. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் காரைக்காலிலேயே வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. அத்தகைய அளவீட்டில் கடலோரக் கடையின் டின் முன்னதாகக் கெடும் என்பது எதிர்பார்ப்பு. எவ்வளவு முன்னதாக, தேதிக்கு முன்பா பின்பா என்பதே விடை வேண்டிய பகுதி. அந்த எண் தேதிக்கு முன்பாக விழுந்தால், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இன்று தேதியை மட்டும் பார்த்துக் கடைகளில் நடத்தும் சோதனையின் முறையையே திரும்பப் பார்க்க வேண்டிவரும்.